மிஞ்சிய வலி மாத்திரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஓப்பியாய்டு எனும் வலுவான வலிநிவாரணி வகை மருந்துகள் அளவு மீறி 80,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது கள்ளச்சந்தையில் கிடைக்கும் ஃபென்டனில் என்ற ஓப்பியாய்டுதான். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மிஞ்சி, ‘இருக்கட்டும், உதவும்’ என்று அலமாரியில் கிடக்கும் மாத்திரைக்கும் இதில் பங்குண்டு.

நம்பிக்கை: வலி மாத்திரை தவறான கைக்குப் போவது தெருவில்தான்.
உண்மை: மருத்துவர் எழுதித்தரும் வலி மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவோரில் கணிசமானோர், அதை நண்பரிடமோ உறவினரிடமோ பெற்றதாகவே அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பில் சொல்கிறார்கள். பூட்டி வையுங்கள், தேவை முடிந்ததும் அப்புறப்படுத்துங்கள்.

நம்பிக்கை: எந்த மருந்தையும் கழிவறையில் போடக் கூடாது.
உண்மை: பெரும்பாலான மருந்துகளுக்கு இது சரி. அமெரிக்காவில் மருந்துக்கடையிலோ காவல் நிலையத்திலோ உள்ள சேகரிப்புப் பெட்டியில் போடுவதே முதல் வழி. அதற்கு வசதி இல்லையென்றால், ஆக்சிகோடோன், மார்ஃபின் போன்றவற்றை உடனே கழிவறையில் போட்டு நீர்விடச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். தண்ணீரில் கலப்பதும் கெடுதல்தான். ஆனால் ஒரே ஒரு மாத்திரை குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால் இந்த விதிவிலக்கு. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2025இல் இப்படி 17 மருந்துகளைப் பட்டியலிட்டது.

நம்பிக்கை: வலிக்குத் தோலில் ஒட்டிக் கழற்றிய மருந்து பேட்ச் வெறும் குப்பை.
உண்மை: மூன்று நாள் உடம்பில் இருந்த ஃபென்டனில் பேட்சிலும் பாதிக்கு மேல் மருந்து எஞ்சியிருக்கலாம். அதை எடுத்து வாயில் வைத்த, உடம்பில் ஒட்டிக்கொண்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, அப்போதே கழிவறையில் போட்டு நீர்விட வேண்டும்.

நம்பிக்கை: மருந்து அளவு மீறி மயங்கியவர் மீது குளிர்ந்த நீர் ஊற்றினால், அல்லது அவரைத் தூங்கவிட்டால் தெளிந்துவிடும்.
உண்மை: மூச்சு மந்தமாகி, தொண்டையில் களகளவென்று சத்தம் வந்து, உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கினால் அது தூக்கமல்ல. உடனே அவசர உதவி எண்ணை (அமெரிக்காவில் 911) அழையுங்கள். ஓப்பியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் ஸ்ப்ரேயை மூக்கில் அடித்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 2023 முதல் அந்த ஸ்ப்ரேயை அமெரிக்காவில் மருந்துச் சீட்டில்லாமல் வாங்கலாம். மயக்கத்துக்குக் காரணம் ஓப்பியாய்டு இல்லையென்றாலும் அதனால் கெடுதல் வராது.

நம்பிக்கை: கண் திறந்துவிட்டால் கண்டம் தாண்டியாயிற்று.
உண்மை: நலோக்சோன் இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை செய்யும், 30 முதல் 90 நிமிடத்தில் அதன் வலு தீர்ந்துவிடும். உடம்பிலுள்ள ஓப்பியாய்டு அதைவிட நீடித்தால் மூச்சு மறுபடி நிற்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள்.