லொறி எஞ்சினை வீட்டிற் சுத்தஞ் செய்தல்

போகம் முடிந்து நெல்லும் வைக்கோலும் ஏற்றியிறக்கிய லொறியின் மூடியைத் திறந்து பார்த்தால், எஞ்சினின்மேல் விரற்கடையளவு அழுக்குப் படிந்திருப்பதைக் காணலாம். எண்ணெய்க் கசிவில் பதரும் தூசியும் ஒட்டி, அதன்மேற் சேறு தெறித்து, எஞ்சினின் சூட்டிற் காய்ந்து போர்வைபோல் இறுகிவிடுகின்றது. எண்ணெய் அழுக்கு இரும்பைத் துருவினின்றுங் காக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அது ஓரளவு உண்மையே. ஆயினும் அது காப்பதிலும் மறைப்பதே அதிகம். எண்ணெய் எவ்விடத்திற் கசிகின்றது, எந்த இறப்பர்க் குழாய் வெடித்திருக்கின்றது, எந்தக் கம்பியை எலி கடித்திருக்கின்றது என்பன அழுக்கின்கீழ்த் தெரியமாட்டா. றேடியேற்றரின் தகடுகளுக்கிடையே பதர் அடைந்தால் எஞ்சின் கொதிக்கும். புகைபோக்கிக் குழாயின்மேல் எண்ணெயில் ஊறிய வைக்கோல் கிடப்பின் வண்டியே தீப்பற்றலாம்.

இவ்வேலையைக் கமக்காரர் தம் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளலாம். நாற்சில்லு உழவு யந்திரத்துக்கும் முறை இதுவே. ஆனால் அழுக்காலன்றி, அதைக் கழுவும் முறையாலேயே கெட்டுப்போகும் எஞ்சின்களும் உள. ஆகவே அவசரமின்றிச் செய்யத்தக்க ஒரு நாளைத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

முதலாவதாக, எஞ்சின் நன்கு ஆறியிருத்தல் வேண்டும். ஓடி நின்ற எஞ்சினின் நீர் 80 செல்சியஸ் பாகைக்கு மேற்பட்ட சூட்டில் இருக்கும். அதன்மேற் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்புப் பகுதிகள் வெடிக்கக்கூடும். வண்டியை ஓடவிட்டுப் பல மணி நேரம் சென்றபின், கையால் தொடக்கூடிய நிலையிலேயே தொடங்குதல் நன்று. வண்டி கொட்டகைக்குள் அன்றி, திறந்த சமநிலத்தில் நிற்றல் வேண்டும். சில்லுகளுக்குக் கட்டை வைத்துத் திறப்பை எடுத்துவிடுதல் வேண்டும்.

அடுத்துப் பற்றரி. வண்டியின் உடலோடு இணைக்கப்பட்ட கம்பியையே முதலிற் கழற்றுதல் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது மறைமுனைக் கம்பியாகும். மிகப் பழைய சிலவற்றில் நேர்முனையாயிருப்பதுமுண்டு. மற்றக் கம்பியை முதலிற் கழற்ற முற்பட்டால், சாவி வண்டியின் உடலில் தட்டுப்பட்டுப் பெரும் பொறி எழும். பற்றரியிலிருந்து வெளிவரும் ஐதரசன் வாயு பொறியால் வெடிக்கவல்லது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுவதற்கும், அருகே பீடி சுருட்டுப் புகையாதிருப்பதற்கும் இதுவே காரணம்.

அழுக்கின் பெரும்பகுதி நீரின்றியே போகக்கூடியது. வண்டியின்கீழ் பழைய பொலித்தீன் விரிப்பை இட்டு, மரச் சிராய், தென்னந்தும்புத் தூரிகை என்பவற்றாற் சுரண்டியும் தட்டியும் உலர்ந்த அழுக்கை விழுத்துதல் வேண்டும். இப்பகுதிக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். பின்னர் அவ்வளவு நீர் மிச்சமாகும். இரும்புத் தகட்டாற் சுரண்டின் குழாய்களும் கம்பிகளும் அறுபடும்.

எஞ்சியுள்ள பிசினைக் கரைப்பதற்குச் சிலர் பெற்றோலைத் தெளிக்கின்றனர். இது உயிராபத்தானது. பெற்றோல், சூனியத்துக்குக் கீழ் 40 செல்சியஸ் பாகையளவிலேயே தீப்பற்றும் ஆவியை விடுவது. அவ்வாவி காற்றிலும் பாரமானதால் நிலத்தோடு நிலமாய்ப் பரவி, அடுப்படியிற் கிடக்கும் கொள்ளியைத் தேடிச்சென்று பற்றும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகைக்கு மேலேயே அவ்வாறு பற்றுமெனினும், நண்பகல் வெய்யிலில் நின்ற இரும்பு அச்சூட்டை எளிதில் அடையும். டீசல் இறப்பரைக் கெடுப்பதோடு, புதிய தூசி ஒட்டுவதற்குப் பசையும் பூசிவிடும். கோஸ்டிக் சோடா அலுமினிய உறுப்புகளை அரித்துவிடும். இவை யாவற்றிலும் சவர்க்காரத் தூள் கரைத்த இளஞ்சூட்டு நீரே மேல். தூரிகையாற் பூசி, காயவிடாமற் சற்றுநேரம் ஊறவைத்துத் தேய்த்தாற் போதும். தடித்த இடங்களில் இரண்டு மூன்று முறை செய்யவேண்டி வரும்.

நீர் படுமுன்பே காற்றுவடியின் வாய், மின்பிறப்பாக்கி, ஸ்ராட்டர் மோட்டர், பியூஸ் பெட்டி, எண்ணெய் ஊற்றும் வாய் ஆகியவற்றைப் பொலித்தீன் பைகளால் மூடிக் கட்டுதல் வேண்டும். பின்னர் பூவாளியால், நாற்றுக்கு வார்ப்பதுபோல், மெல்லென நீர் ஊற்றுதல் வேண்டும். தோட்டத்து இறைப்பு யந்திரக் குழாயையோ உயரமுக்கக் கழுவியையோ பயன்படுத்தினால், நீர் இணைப்புகளுக்குள்ளும் அச்சு முத்திரைகளுக்குள்ளும் புகுந்து, சில மாதங்கள் சென்றபின்னரே குறை காட்டும். றேடியேற்றருக்கு மட்டும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நீர் வார்த்தல் நன்று. பதர் தான் வந்த வழியே திரும்பும். அதன் தகடுகள் மெல்லியன, தூரிகையை அழுத்தலாகாது.

பற்றரி முனைகளிற் பூத்த வெண்பச்சைத் தூளை, மூடிகளை இறுக்கியபின், நீரிற் கரைத்த அப்பச்சோடாவாற் கழுவித் துடைக்கலாம். கையுறை அவசியம்.

கழுவிய நீர் எங்கே செல்கின்றது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், மேலே ஊற்றியது கிணற்றை அடைய அதிக நாட் செல்லாது. 2010களிற் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தமையால், பல குடும்பங்கள் தம் முற்றத்துக் கிணறிருந்தும் குடிநீருக்கு வெளியே கையேந்த நேர்ந்தது. ஆகவே கிணறு, வாய்க்கால், நாற்றுமேடை ஆகியவற்றுக்கு எட்டத்தில் வண்டியை நிறுத்துதல் வேண்டும். விரிப்பில் விழுந்த பிசினையும், நீரின்மேல் மிதப்பதை உமியால் ஒற்றியெடுத்ததையும் மூடியுள்ள தகரத்திலிட்டு, பழைய எண்ணெய் வாங்கும் வேலைத்தலத்திற் கொடுக்கலாம். வெறுமையான கிருமிநாசினிப் போத்தல்களை இதற்கு எடுத்தலாகாது.

துணியால் ஒற்றி, சில மணி நேரம் காற்றாடவிட்டபின் உறைகளை அவிழ்த்தல் வேண்டும். காற்றுவடி வாயில் மறந்துவிட்ட பை, எஞ்சினுள் இழுக்கப்படும். ஆதலாற் கட்டிய பைகளை எண்ணிவைத்து, அவிழ்த்தவற்றோடு ஒப்பிடுதல் வேண்டும். பற்றரியில் உடலோடு சேரும் கம்பியே கடைசியாக இணைக்கத்தக்கது. எஞ்சினை இயக்கும்போது சாரம், சால்வை, நீண்ட கை ஆகியன விசிறிப் பட்டியை அணுகலாகாது. பிள்ளைகளும் எட்டத்தில் நிற்றல் வேண்டும். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மறுநாட் காலையில் மூடியைத் திறந்து பார்த்தால், புதிதாய் ஈரமாயிருக்கும் இடமே கசிவுள்ள இடமாகும். அதைச் சுண்ணக்கட்டியாற் குறியிட்டுத் திருத்துவோரிடம் காட்டலாம்.