நீரை ஏற்கும் இழை

பாகூர் வயல்களில் சொர்ணவாரிப் பட்டத்து நடவு வெயிற்காலத்தில் நடைபெறும். குனிந்து நாற்று நடும் பெண்கள் சேலைக்குமேல் ஆண்களின் பழைய சட்டையொன்றை அணிந்திருப்பர். அச்சேலை பெரும்பாலும் பாலியெஸ்டர். விலை குறைவு, சேறு பட்டாலும் அலசியவுடன் காய்ந்துவிடும், எளிதில் கிழியாது. ஆயினும், நண்பகலில் அதன் குறை வெளிப்படும். வியர்வை துணியில் பரவாமல் தோலிலேயே தேங்கும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் உடலைவிட்டு நீங்குகிறது. வழிந்து சேற்றில் விழும் வியர்வையால் அப்பயன் இல்லை. ஈரம் மிகுந்த கடலோரக் காற்றில் ஆவியாதல் இயல்பாகவே மெதுவாக நிகழும். எனவே, வியர்வையைத் துணி எவ்வளவு பரப்பில் விரிக்கிறது என்பது உழைப்பவரின் உடல்நலத்தைத் தொடும் வினாவாகிறது.

பருத்தி நீரை விரும்பும், செயற்கை இழை வெறுக்கும் என்பது பாதி உண்மையே. தறியிலிருந்து இறங்கிய காடாத் துணியின்மேல் ஒரு துளி நீரை விட்டால், அது உடனே உள்ளே இறங்காது. இழைமேல் இயற்கையாகப் படிந்துள்ள மெழுகும் பெக்டினும் தடுக்கின்றன. உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவியில் அவிக்கும் மரபுமுறை, காரத்தின் துணைகொண்டு இத்தடையை நீக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து செனகலுக்குச் சென்ற ‘கினே’ என்னும் நீலத்துணியில் அவுரிச் சாயம் ஏறியதும் பருத்தியின் நீர்வேட்கையால்தான். பின்னர் வந்த ஆலைகள் உவர்மண்ணுக்கு மாற்றாக எரிசோடாவைக் கையாண்டன.

1941இல் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இங்கிலாந்து வேதியியலாளர் இருவர் பாலியெஸ்டர் இழையை உருவாக்கினர். இயல்பான காற்றில் பருத்தி தன் எடையில் 7 முதல் 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டர் ஏற்பதோ 0.4 விழுக்காடுதான். இதற்கும் எரிசோடா உதவுகிறது. சூடான கரைசல் இழைப்பரப்பின் எஸ்டர் பிணைப்புகளை அறுக்க, நீரைப் பற்றும் ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகள் அங்கே தோன்றுகின்றன. அளவு மீறினால் இழை மெலிந்து வலுவிழக்கும். மற்றொரு முறையில், பாலியெஸ்டர் பகுதியும் பாலியெத்திலீன் கிளைக்கால் பகுதியும் இணைந்த கூட்டுப்பலபடியைத் துணிக்கு ஏற்றிச் சூடாக்குவர். நாற்றின் வேர் சேற்றில் ஊன்றத் தாள் வெளியே நிற்பதுபோல, முதற்பகுதி இழையில் பதிய, மற்றது வெளியே நின்று நீரை ஈர்க்கும். பல சலவைகளில் இதுவும் சிறிது சிறிதாகத் தேயும்.

இவ்வாறு பதப்படுத்திய பின்னரும் இழையின் உட்புறம் நீரைக் குடிப்பதில்லை. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைகளுக்கிடையேயுள்ள நுண்குழல்கள் வழியே நீர் பரவுகிறது. பருத்தி நனைந்து கனக்க, இது விரைந்து உலர்வதன் காரணம் அதுவே. துணியை மென்மையாக்கச் சலவையில் சேர்க்கும் நீர்மங்கள் பலவும் இழைமேல் கொழுப்புப் படலம் பூசி இப்பண்பைக் கெடுத்துவிடுகின்றன என்பதைப் பலர் அறியார்.

விளையாட்டு உடைகளின் விலைச்சீட்டில் இப்பண்பு பெருமையுடன் அச்சிடப்படுகிறது. வில்லியனூர்க் கடைத்தெருவில் நடவுக்கென வாங்கும் மலிவுச் சேலையில் அத்தகைய குறிப்பைக் காண்பது அரிது. பதப்படுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. காரக் கழிவுநீரைத் தூய்மை செய்யாமல் வெளியேற்றலாகாது. கழிவுநீர் நொய்யலைக் கெடுத்ததால், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது.

வேறுபாட்டை வீட்டிலேயே அறியலாம். பழைய சேலையிலிருந்தும் விளையாட்டுச் சட்டையிலிருந்தும் ஒரே அளவுள்ள நாடாக்களை வெட்டித் தொங்கவிட்டு, அவற்றின் கீழ்முனைகள் மையிட்ட நீரில் படுமாறு வைத்தல் வேண்டும். பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றிலும் மை ஏறிய உயரத்தை அளவுகோலால் அளந்து குறிக்கலாம்.