குறுவட்டில் நகல் காத்தல்

கள ஆய்வுக் குறிப்புகளின் நகலைச் சேமிக்க உதவும், ஒருமுறை எழுதத்தக்க குறுவட்டின் பதிவுப் படலம் ஒரு சாயப் பூச்சாகும். லேசர்க் கதிரின் வெப்பத்தால் அச்சாயத்தில் விளையும் மாற்றங்களே செய்தியைத் தாங்குகின்றன. வெயில் பட்டால் சாயம் சிதையும். பளபளக்கும் அடிப்பக்கத்தையே பலர் பேணுவர். உண்மையில் மேற்பக்கமே மெலிவானது. 1.2 மி.மீ. தடிப்புள்ள வட்டில் சாயமும் உலோகப் படலமும் மேற்பரப்பை ஒட்டி, மெல்லிய காப்புப் பூச்சின்கீழ் அமைந்துள்ளன. ஆகவே பந்துமுனைப் பேனாவால் அதன்மீது எழுதலாகாது.

பதிவு முடிந்ததெனக் கணிப்பொறி அறிவிப்பது போதிய சான்றன்று. எழுதியதை மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதி மென்பொருளில் உண்டா என்பதையே முதலில் நோக்க வேண்டும், வேகமெல்லாம் பின்னர். அதன்பின் வட்டை வேறொரு கணிப்பொறியின் இயக்கியிலும் இட்டுப் படித்துப் பார்த்தல் வேண்டும். எழுதிய இயக்கிக்கு மட்டுமே விளங்கும் வட்டு, அவ்வியக்கி பழுதான அன்றே பயனற்றதாகிவிடும். மூலக் குறிப்புகளை அழிப்பது இச்சோதனைக்குப் பின்னரே.