பலகார டப்பாவும் எடை மெஷினும்

அன்புள்ள தம்பிக்கு,

இத்தனை மாதம் பாடுபட்டுக் குறைத்த எடை தீபாவளியோடு திரும்பி வந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறாய். பயம் நியாயமானதுதான், ஆனால் பயப்பட வேண்டிய நாள் அதுவல்ல. தீபாவளியன்று நீ தின்னும் நாலு அதிரசம் உன்னைக் கெடுத்துவிடாது. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரே நாளில் அவ்வளவு சாப்பிடுவது பெருந்தீனிக்காரர்களுக்கே கஷ்டம். மறுநாள் காலை மெஷின் ஒன்றரைக் கிலோ கூடக் காட்டினால், அதில் பெரும்பகுதி தண்ணீர். சர்க்கரையும் மாவுச்சத்தும் கிளைக்கோஜனாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முறுக்கிலும் மிக்ஸரிலும் இருக்கும் உப்பு தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் நிறுத்திவைக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் எல்லாம் வடிந்துவிடும். இது தெரியாதவர்கள்தான் 'எல்லாம் போச்சு, இனிமேல் பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆபத்து அந்த முடிவில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 195 பேரின் எடையை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையான விடுமுறைக் காலத்தில் அவர்களுக்குக் கூடியது சராசரியாக 370 கிராம்தான். அவர்கள் கூடியிருக்கும் என்று நினைத்ததோ அதைப்போல நான்கு மடங்கு. இதுவரை நல்ல செய்தி. ஆனால் விடுமுறை முடிந்த பிறகு மார்ச் வரை பார்த்தபோதும் அந்த எடை இறங்கவில்லை. பண்டிகைக்கால எடை கொஞ்சமாக ஏறுகிறது, ஏறியது தங்கிவிடுகிறது. நான் சொல்ல வருவதற்கு இதுதான் அடிப்படை.

'அரைக் கிலோகூட இல்லாததற்கா இத்தனை பேச்சு?' என்பாய். வருடா வருடம் ஏறி இறங்காமல் நின்றால், பத்து வருடத்தில் மூன்று நாலு கிலோ ஆகிவிடும். நம்மவர்களுக்கு அது சின்ன விஷயமும் அல்ல. ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை நோய் வருகிறது. அதனால்தான் இந்திய மருத்துவர்கள் உடல் நிறை குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள். உலக அளவுகோலில் அது 25.

அமெரிக்கர்களின் கணக்கை நம் தலையில் கட்டலாமா என்பது நியாயமான கேள்வி. அந்த 370 கிராம் நமக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்முடைய காலம் அவர்களுடையதைவிட நீளம் என்பதைக் கவனி. நவராத்திரியில் தொடங்கி தீபாவளி, கார்த்திகைப் பொரி உருண்டை, கிறிஸ்துமஸ் கேக் என்று பொங்கல் வரை போகிறது. (இதில் நவராத்திரிச் சுண்டலைக் குற்றம் சொல்லமாட்டேன், புரதமும் நார்ச்சத்தும் உள்ள பண்டம் அது.) போதாததற்கு, நம் பலகாரம் கெடாமல் இருக்கவென்றே செய்யப்படுவது. தீபாவளி ஒரு நாளில் முடிந்தாலும், டப்பா காலியாக இரண்டு வாரம் ஆகிறது. டீயோடு இரண்டு முறுக்கு, டிவி பார்க்கும்போது ஒரு கை மிக்ஸர், படுக்கப் போகுமுன் ஒரு துண்டு மைசூர்பாகு. பசிக்காகத் தின்னாததால் இவை கணக்கிலேயே வருவதில்லை.

ஆகவே இந்தப் பண்டிகைக் காலத்தில் எடை குறைக்க முயலாதே, ஏறாமல் நிறுத்து. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 272 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு பிரிவினரிடம் கிறிஸ்துமஸ் காலத்தில் வாரம் இருமுறையாவது எடை பார்த்துக் குறித்து வைக்கச் சொன்னார்கள். சில எளிய யோசனைகளும், எந்தப் பண்டத்தைக் கரைக்க எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற பட்டியலும் தந்தார்கள். மற்றப் பிரிவினருக்கு ஆரோக்கியமாக வாழ்வது பற்றிய ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும். முடிவில் எடை குறித்து வைத்த பிரிவுக்குச் சாதகமாக, இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய அரைக் கிலோ வித்தியாசம். அவர்களைப் பட்டினி கிடக்கவும் சொல்லவில்லை, இனிப்பைத் துறக்கவும் சொல்லவில்லை.

நடந்தே கரைத்துவிடலாம் என்று மட்டும் நம்பாதே. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். அதை ஈடுகட்டக் கொஞ்சம் இனிப்பும் காரமும் போதும். தீபாவளி லேகியமும் உன்னைக் காப்பாற்றாது. செரிமானத்துக்கு நல்லது என்றாலும் அதிலும் வெல்லமும் நெய்யும்தான்.

வேண்டாம் என்று சொன்னால் அத்தை வருத்தப்படுவாரே என்கிறாய். அத்தை வீட்டில் வேண்டாம் என்று சொல்லவே வேண்டாம். அவர் கையால் தருவதை உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடு. குறைக்க வேண்டியது யாரும் தராமல் நீயாக எடுத்துத் தின்பதை. டப்பாவை மேசையிலிருந்து எடுத்து மேல் அலமாரியில் வைக்கச் சொல். வேண்டியதைத் தட்டில் எடுத்து வைத்துத் தின்னு, டப்பாவோடு உட்காராதே. வந்து குவிவதில் பாதியைப் பலகாரம் கிடைக்காத வீட்டுக்குக் கொடுத்துவிடு. எடை பார்ப்பதே மனதை அலைக்கழிக்கிறது என்றால் மெஷினை விட்டுவிடு. வாரம் ஒருமுறை இடுப்பை டேப்பால் அளந்தால் போதும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துக் குறித்து வை. கார்த்திகை தீபம் கழிந்த மறுவாரம் மறுபடி பார். அதே எண் இருந்தால் நீ ஜெயித்துவிட்டாய். எனக்கு ஒரு வரி எழுது.