ஈறு நோயும் இடத்திற்கேற்ப மாறும் கிருமிகளும்

பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் கசிந்தால், புண் பெரிதாகுமோ என்று அஞ்சி அவ்விடத்தைத் துலக்காமல் விட்டுவிடுகிறோம். இது பெருந்தவறு. ஏன் என்பதை இங்கு ஆராய்வோம்.

நீர் வடிந்த நிலத்தில் ஒரு வகைக் களையும், நீர் தேங்கிய நிலத்தில் கோரையும் மிகுவதை உழவர் அறிவர். வாயிலும் இவ்வாறே நிகழ்கிறது. மனிதர் வாயில் 700-க்கும் மேற்பட்ட நுண்கிருமி இனங்கள் காணப்பட்டுள்ளன. நலமுள்ள வாயில் அவற்றுள் பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. இடத்தின் தன்மை மாறும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

டென்மார்க் நாட்டின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு சோதனை நடத்தி, 1965-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஈறு நலமாயிருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழன்றது. முதலில் பல்லில் உருண்டை வடிவக் கிருமிகளே மிகுந்திருந்தன. பின்னர் நூல் வடிவும் சுருள் வடிவும் கொண்டவை பெருகின. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் சுமார் ஒரு வாரத்தில் ஈறு நலமடைந்தது.

இம்மாற்றத்தின் காரணம் யாது? பல்லின்மேல் படியும் கிருமிப் படலம் தடித்தால் அதன் அடியில் பிராணவாயு குறைகிறது. வீங்கிய ஈறு பல்லைவிட்டு விலக, இடையே பள்ளம் உண்டாகிறது. அதில் புரதம் நிறைந்த நீர் கசிகிறது. சர்க்கரையை உண்டு வாழ்ந்த கிருமிகள் குறைந்து, பிராணவாயு வேண்டாமல் புரதத்தை உண்பவை ஓங்குகின்றன.

அவற்றுள் ஒன்று போர்பிரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ். தனக்கு வேண்டிய இரும்புச் சத்துள்ள கூட்டுப்பொருளை இது தானே ஆக்கிக்கொள்ள இயலாது. ஆகவே தான் சுரக்கும் நொதிகளால் இரத்தத்தின் செந்நிறப் பொருளைச் சிதைத்து அதனைப் பெறுகிறது. அந்நொதிகளே ஈற்றின் தசையையும் அரிக்கின்றன. கசியும் இரத்தம் கிருமிக்கு உரமாகிறது. கிருமி பெருகக் கசிவும் பெருகுகிறது. இறுதியில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு தானாக மீள்வதில்லை. இவையனைத்தும் பெரும்பாலும் வலியின்றியே நிகழ்வதால், பல் ஆடும்வரை பலர் அறிவதில்லை.

ஆகவே இரத்தம் கசியும் இடத்தையே மென்மையான தூரிகையால், அழுத்தாமல், நாள்தோறும் இருமுறை துலக்குதல் வேண்டும். பல் இடுக்குகளையும் தூய்மை செய்தல் வேண்டும். இறுகிய காரை துலக்குவதால் போகாது. அதனைப் பல் மருத்துவரே நீக்க இயலும். மருந்து மட்டும் உண்பதாலும் பயன் குறைவு. படலத்தினுள் ஒடுங்கிய கிருமிகளை அது எளிதில் அழிப்பதில்லை. புகை பிடிப்போருக்கு நோய் இருந்தும் கசிவு குறைவாகத் தோன்றும், அவர்கள் ஏமாறலாகாது. நீரிழிவு உள்ளோர் இருமடங்கு விழிப்புடன் இருத்தல் நன்று.

கோரையை அறுப்பதோடு நில்லாது, தேங்கிய நீரையும் வடிக்கிறோம் அன்றோ? ஈற்றைக் காப்பதும் அம்முறையே.