சோபார் என்னும் கொம்பும் கேட்டற் கடனும்

யூதர்தம் ஆண்டுப் பிறப்பாகிய ரோஷ் ஹஷானா திஷ்ரி மாதத்து முதலிரு நாட்களில் நிகழ்வது. அக்காலத்துச் செபாலயங்களில் ஊதப்படும் கொம்பு சோபார் எனப்படும். ஆட்டுக்கடாவின் கொம்பாற் செய்தலே பெருவழக்கு. பசுவினத்தின் கொம்பு ஆகாது. முன்னோர் பொற்கன்றினை வணங்கிய பிழைக்குச் சான்றாய் நிற்பது, பிழை பொறுக்க வேண்டுங்காற் பரிந்துரைத்தல் பொருந்தாதென்பது தால்மூது கூறும் ஏதுக்களுள் ஒன்று.

எண்ணாகமம் அந்நாளைத் 'தெரூவா'வுக்குரிய நாள் என்கின்றது. தெரூவா என்பது எத்தகைய ஒலி? அராமிய மொழிபெயர்ப்பு அதற்கு அழுகையெனப் பொருள் கொள்ளும். அவ்வழுகைச் சொல் நியாயாதிபதிகள் நூலிலும் வருகின்றது. ஆண்டு அழுபவள், போரில் தோற்றோடி மாண்ட சிசெரா என்னும் பகைப்படைத் தலைவனின் தாய். மகன் வரவு காணாது பலகணியருகே நின்று கலங்குகின்றாள். இவ்விடத்தையே தால்மூது ஆசிரியர் சான்றாக எடுத்தனர். பகைவனைப் பெற்றவளின் அழுகை தம் திருநாளொலிக்கு அளவாயிற்று என்பது சிந்திக்கற்பாலது.

அவ்வழுகை விட்டுவிட்டெழும் விம்மலோ, விரைந்து தொடரும் புலம்பலோ என ஐயம் நிகழ்ந்தது. சிசேரியா நகரத்துப் பெரியார் அபாகு, ஒன்றனை விலக்காது இரண்டனையும் ஊதுமாறு விதித்தார். ஆகலின், 'தெக்கீயா' என்னும் நெட்டொலி முன்னும் பின்னும் நிற்ப, இடையே 'செவாரீம்' என்னும் மூன்று முறிந்த ஒலிகளும் 'தெரூவா' என்னும் குற்றொலித் தொடரும், சேர்ந்தும் தனித்தும் ஊதப்படுகின்றன. ஒருநாளில் நூறொலி ஊதுதல் பல சபைகளின் வழக்கு.

இனி, ஊதுவோன் ஒருவனாக, ஏனையோர்க்குரிய கடன் யாது? கேட்டலே கடன். ஊதுமுன் சொல்லும் வாழ்த்தும், சோபாரின் ஒலியைக் கேட்குமாறு பணித்த இறைவனையே போற்றுகின்றது. அக்கேட்டலின் இலக்கணத்தை, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா வரையறுத்துள்ளது. குழியுள் நின்று ஊதுங்கால், கொம்பின் ஒலியையே கேட்டவன் கடன் கழித்தவனாவான்; எதிரொலியைக் கேட்டவன் கழித்திலன். செபாலயத்தின் பின்புறமாகச் செல்வோன் செவியில் ஒலி விழினும், அவன் உள்ளத்தை அதன்கண் செலுத்தினாலன்றிக் கடன் நிரம்பாது. செவிப்புலன் ஒன்றே அமையாது, கருத்தும் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

அக்கருத்து யாது என்பதை 1204-இல் மறைந்த பேராசிரியர் மைமோனிடிஸ் விளக்குகின்றார். கொம்பூதுதல் மறை விதித்ததாயினும் அதன்கண் ஒரு குறிப்புண்டு. உறங்குவோர் விழித்தெழுந்து, தம் செயல்களை ஆராய்ந்து, தீநெறி விட்டு இறைவன்பால் திரும்புக என்பதே அது என்பர். கொம்பொலியிற் சொல்லில்லை, இன்ன பிழையை நீக்குக என அஃது எவரையும் நோக்கிக் கூறுவதுமில்லை. தன் பிழை இன்னதென்பதைக் கேட்போனே தன்னுள் தேடிக் காணல் வேண்டும். அங்ஙனம் தேடாதவன் நூறொலி கேட்டும் உறங்குவோனே யாவன்.