கிறிஸ்டோபர் சொல்கிற கதை

‘படித்துப் பேசுவோம்’ பகுதியில் இந்த முறை ஒரு வெளிநாட்டு நாவல். இங்கிலாந்து எழுத்தாளர் மார்க் ஹாடன் எழுதி 2003-ல் வந்தது. பெயர் கொஞ்சம் நீளம், ‘தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’. ராத்திரியில் ஒரு நாய்க்கு நடந்த விசித்திரமான சம்பவம் என்று வைத்துக்கொள்ளலாம். சமயநல்லூர் குழுக் கூட்டங்களில் சேமிப்பும் தவணையும் எழுதி முடித்த பிறகு, நாலு வாரமாக இந்தக் கதையைத் தமிழில் சொல்லி வந்தோம்.

கதை சொல்கிறவன் கிறிஸ்டோபர், 15 வயசுப் பையன். அப்பாவோடு இருக்கிறான். அம்மா இறந்துவிட்டதாக அப்பா சொல்லியிருக்கிறார். ஒரு நடுராத்திரி பக்கத்து வீட்டு நாய், தோட்டத்தில் மண் கிளறுகிற முள்கருவி குத்திச் செத்துக் கிடக்கிறது. அதை அணைத்துக்கொண்டிருந்த கிறிஸ்டோபரிடம் போலீஸ்காரர் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். அவன் தரையில் கவிழ்ந்து முனகுகிறான். கையைப் பிடித்துத் தூக்கினதும் போலீஸ்காரரை அடித்துவிடுகிறான்.

பார்க்கிறவர்களுக்கு அவன் ‘போலீசையே கை நீட்டின பய’. ஆனால் அவனே சொல்வதால் உள்ளே நடப்பது நமக்குத் தெரிகிறது. யாராவது தொட்டால் அவனுக்குத் தாங்காது. கேள்விகள் வேகமாக வந்தால் தலைக்குள் குவிந்துபோகிறது. இதற்காகத்தான் இந்த நாவலை எடுத்தோம்.

மஞ்சள் நிறச் சாப்பாடு தொடமாட்டான். தட்டில் ஒரு பதார்த்தம் இன்னொன்றை ஒட்டினால் சாப்பிடமாட்டான். வழியில் வரிசையாக நாலு சிவப்புக் கார் பார்த்தால் அன்றைக்கு நல்ல நாள். இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பூனை குறுக்கே போனால் திரும்பி வருகிற நாம சிரிக்கலாமா என்று ஒரு பாட்டி கேட்டதும் அடங்கிப்போனது! சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வான். நம்ம ஊர்ப் பிள்ளையாக இருந்து, ‘வாலைச் சுருட்டிக்கிட்டு உட்காரு’ என்றால், ‘எனக்கு வால் இல்லையே’ என்பான். பாசம் இல்லாதவனா? இல்லை. கட்டிப்பிடித்தால் தாங்காது என்பதால் அப்பாவும் அவனும் விரல்களை விரித்து, நுனியோடு நுனி தொட்டுக்கொள்வார்கள்.

பிறகு அம்மா எழுதிய கடிதங்கள் அவன் கையில் கிடைக்கின்றன. அம்மா சாகவில்லை, லண்டனில் இருக்கிறாள். தனக்குப் பொறுமை போதவில்லை, அதனால் போய்விட்டேன் என்று எழுதியிருக்கிறாள். இங்கே கூட்டம் ரெண்டாகப் பிரிந்தது. “பெத்தவ விட்டுட்டுப் போவாளா?” என்று பலருக்கும் கோபம்.

அந்தக் கடிதங்களில் ஒரு சம்பவம் வருகிறது. கிறிஸ்துமஸ் கூட்ட நேரம், கடைக்குள் அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். எல்லாரும் பார்க்கிறார்கள். பஸ் ஏறவும் மறுக்கிறான். அம்மா வீடு வரைக்கும் நடத்தியே கூட்டி வருகிறாள். தீபாவளிக்கு முந்தின நாள் விளக்குத்தூண் பக்கம் அப்படி ஒரு பிள்ளையோடு போவதை நினைத்துப் பாருங்கள் என்றோம். அப்போது, அதுவரை பேசாத ஒரு உறுப்பினர் சொன்னார்: “அவ போனது சரின்னு நான் சொல்லல. ஆனா அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எம்புள்ளைய வச்சுக்கிட்டு நாலு வருசமா எந்த விசேசத்துக்கும் போகல. கூட்டத்துக்கும் அதான் வாரதில்ல.”

அவர் வராத கூட்டங்களுக்கு அபராதம் எழுதியிருந்தது. அன்றைக்கே குழு அதை ரத்து செய்து தீர்மான நோட்டில் எழுதியது. பிள்ளையோடு வரும் நாளில் மைக் வைப்பதில்லை, யாரும் கன்னத்தைக் கிள்ளுவதில்லை என்றும் சேர்த்து எழுதினார்கள்.

கிறிஸ்டோபர் அம்மாவைத் தேடித் தனியாக ரயிலில் லண்டன் போகிறான். சமயநல்லூரில் ஏறி மதுரை ஜங்ஷனில் இறங்கினாலே நமக்குத் தலை சுற்றும். கூட்டமும் சத்தமும் அறிவிப்புப் பலகைகளும் அவனை மிரட்டுகின்றன. தரையில் ஒரு சிவப்புக் கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு அதன் மேலேயே நடந்து சமாளிக்கிறான். நாயைக் கொன்றது யார் என்பதை இங்கே சொல்லமாட்டோம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதியவர் ஆட்டிசம் உள்ளவர் இல்லை. நாவலுக்குள் அந்தச் சொல்லும் வருவதில்லை. கிறிஸ்டோபர் கணக்கில் புலி, எல்லாப் பிள்ளைகளும் அப்படி இருப்பதில்லை. சில பிள்ளைகள் பேசவே மாட்டார்கள். தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு, ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பற்றி யெஸ். பாலபாரதி எழுதிய ‘துலக்கம்’ நாவல் இருக்கிறது.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. தாய் வளர்ப்பால் வருவது என்று முன்பு டாக்டர்களே சொன்னதுண்டு, அது தப்பு என்று பிறகு தெளிவானது. ஒரு வயசில் பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயசில் விரலால் எதையும் சுட்டிக் காட்டாத பிள்ளை இருந்தால் அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். பாண்டி கோயிலுக்குப் போவது உங்கள் நம்பிக்கை, போய் வாருங்கள், ஆனால் டாக்டரையும் பாருங்கள். சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பலன் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ரூ.1 லட்சம் வரை உண்டு, அதையும் விசாரியுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச: உங்கள் தெருவில் ‘அடம்’ என்று அடி வாங்குகிற பிள்ளை யார்? அவன் கத்துவதற்கு முன்னால் அங்கே என்ன சத்தம், யார் தொட்டார்கள்? அந்த அம்மா கடைசியாக எப்போது ஒரு கல்யாணத்துக்குப் போனார், ஒரு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உங்களில் யார் போவீர்கள்?